65,000 ஒளியாண்டு போய் வருத்தப்படுகிறேன், அண்ணா

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் மூன்று, விண்வெளியிலிருந்து. மூன்றும் எலைட் டேஞ்சரஸ் கேமைப் பற்றியவை. திருகோணமலையில் லெப்டொப் திருத்துகிற மனுசனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2014 டிசம்பரில் வந்த கேம் இது. நம் பால்வீதியை உண்மையான அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் தொகுதிகளோடு கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கையில் ஒரு சின்னக் கப்பலும் கொஞ்சக் காசும் தருவார்கள். மிச்சம் உங்கள் பாடு.

கேள்வி: அண்ணா, உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸுக்குக் காத்திருக்கிறேன். பொழுது போகட்டும் என்று ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பலில், பால்வீதியின் மறுகரையில் இருக்கும் பீகிள் பொயிண்டுக்குப் புறப்பட்டேன். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிற ஒரு பாய்ச்சலுக்கு 34 ஒளியாண்டுதான் போகும். நாலு மாதம், கரண்ட் இருந்த இரவெல்லாம் ஓடினேன். போன கிழமை போய்ச் சேர்ந்தேன். ஒரு விண்மீன், சில கோள்கள், அவ்வளவுதான். ஒரு படம் எடுத்தேன். அதற்குப் பிறகு கேமைத் திறக்கவே மனம் வரவில்லை. இதே நாலு மாதத்தில் கூட்டாளிகள் சண்டை பழகிப் பெரிய கப்பல் வாங்கிவிட்டார்கள். "விடியவிடிய நட்சத்திரம் எண்ணி என்னத்தைக் கண்டாய்?" என்று அம்மா கேட்கிறா. கப்பலை வெடிக்கவைத்தால், கடைசியாக நின்ற நிலையத்துக்கே, அதாவது சூரியனுக்குப் பக்கத்துக்கே ஒரு நொடியில் வந்துவிடலாம். வெடிக்கவைக்கவா?
பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, வெடிக்கவைக்க வேண்டாம். மற்றதைப் பிறகு கதைப்போம்.

விலையில் 5 சதவீதம் கட்டினால் அதே கப்பல் புதிதாகக் கிடைக்கும், அது பிரச்சினையில்லை. ஆனால் வழியில் கண்ட விண்மீன், கோள்களைப் பற்றி விற்காமல் வைத்திருக்கும் ஆய்வுத் தரவு அவ்வளவும் கப்பலோடு சேர்ந்து போய்விடும். நாலு மாதத் தரவு! வேறு யாரும் காணாத விண்மீனில் "முதலில் கண்டவர்" என்று உங்கள் பெயர் விழவேண்டுமானாலும் அதைக் கொண்டுபோய் விற்றால்தான் விழும்.

என் மாமா ஒருவர் கொட்பேயிலிருந்து பலநாள் படகில் போகிறவர். மூன்று கிழமை கடலில் கிடந்து, ஐஸ் கரைய முதல் திரும்புவார். மீன் பட்டாலும் படாவிட்டாலும் திரும்பும் தூரம் ஒன்றுதான். "இவ்வளவு தூரம் ஏன் வந்தோம்" என்ற சலிப்பு அவருக்கும் வரும், அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் சலிப்பு வந்ததற்காகப் படகைக் கவிழ்த்துவிட்டு நீந்தி வந்ததில்லை. உங்கள் படகில் மீன் வேறு இருக்கிறது.

மீனைப் பறிகொடுத்தவன் நான். 2022 மார்ச் கடைசி, நாளொன்றுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலம். ஊர்களைப் பிரித்து எழுத்து வாரியாக அட்டவணை வரும், எங்கள் எழுத்துக்கு அன்று பின்னேரம் ஆறு மணி. ஐந்து கிழமைத் தரவு கையில். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, ஒரு செம்மண் நிறக் கோளில் இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டு மூடலாம் என்று நினைத்தேன். ஈர்ப்பு மூன்று ஜி, அதாவது பூமியைப்போல் மூன்று மடங்கு என்று இடப்பக்கத் திரையில் எழுதியிருந்தது. பார்த்தேன், பார்த்தும் மூக்கைக் கீழே குத்தினேன். அப்படிப்பட்ட கோளில் கப்பல் இறங்காது, விழும். தூக்கிப் பிடிக்க மேல்விசை கொடுத்தபடியே இருந்தேன், உயரம் காட்டும் எண் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கேடயம் போன சத்தம், கண்ணாடியில் ஒரு வெடிப்பு, பிறகு கறுப்புத் திரை. கரண்ட் போய்விட்டதென்றே முதலில் நினைத்தேன். மேலே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐந்து கிழமைக்கு ஒரு சதமும் கணக்கில் ஏறவில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பீகிள் பொயிண்ட் சூரியனிலிருந்து 65,000 ஒளியாண்டுக்குச் சற்று மேல். 34ஆல் பிரித்தால் 1,900 பாய்ச்சலுக்கு மேல். ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் முப்பத்திரண்டு மணித்தியாலம் வெறும் பாய்ச்சல்தான். விண்மீனருகே போய் எரிபொருள் அள்ளு, திரும்பு, பாய், மறுபடி அள்ளு. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வழியில் எங்காவது நின்றதாக ஒரு வரிகூட இல்லை. மத்தியில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டாரைக்கூட நீங்கள் எழுதவில்லை. சூரியனிலிருந்து 25,900 ஒளியாண்டில், உங்கள் வழியிலேயே கிடக்கிற கருந்துளை அது. அதைக் கிட்டப் போய்ப் பாராமல் தாண்டினீர்கள் என்றால், எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது.

முழுப் பிழையும் உங்களுடையது இல்லை. கேம் பெரிது, ஆனால் பெரும்பகுதி ஒரே மாதிரி. சூத்திரம் போட்டுக் கொம்பியூட்டர் உருவாக்கிய உலகங்கள். நூறாவது பனிக்கோளும் நூற்றோராவது பனிக்கோளும் அக்கா தங்கைதான். அதைத் தெரிந்துகொண்டுதான் பழையவர்கள் கூட்டமாகப் போனார்கள். 2019 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஒன்றாகப் புறப்பட்டு, அங்கங்கே தங்கி, மாதக்கணக்கில் இதே பீகிள் பொயிண்டுக்குப் போனார்கள். மையத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் என்று ஒரு நிலையம் நிற்பதும் அந்தப் பயணத்தால்தான். நீங்கள் தனியாக, பேச்சுத்துணைகூட இல்லாமல் ஓடியிருக்கிறீர்கள்.

இனிச் செய்யவேண்டியது. 2020 ஜூனிலிருந்து விளையாடுகிறவர்களே 500 கோடி கிரெடிட் கொடுத்துத் தாய்க்கப்பல் வைத்திருக்கிறார்கள், ஃப்ளீட் கேரியர் என்று பெயர். தூர தேசத்தில் மற்றவர்களுக்கு உதவியாகவே சிலர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் தேடி, தரவு வாங்கும் வசதியுள்ள ஒன்றில் இறங்கி எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். கொஞ்சம் கழிவு போகும், போகட்டும்.  திரும்பி வருகிற கேரியர் ஒன்று கிடைத்தால் அதில் ஏறிக் குந்திக்கொள்ளவும் செய்யலாம். ஒரு பாய்ச்சலுக்கு 500 ஒளியாண்டு, நீங்கள் நித்திரை கொள்ளலாம். கொழும்பு இரவு ரயிலில் ஏறிக் கிடப்பது போலத்தான்.

ஓட்டித்தான் வருவேன் என்றால் நியூட்ரோன் விண்மீன் வழி பிடியுங்கள். அதிலிருந்து பீறிடும் பீச்சலுக்குள் நுழைந்து வெளியே வந்தால் அடுத்த பாய்ச்சல் நாலு மடங்கு, உங்கள் 34 அப்போது 136. ஒவ்வொரு முறையும் பாய்ச்சல் எந்திரம் கொஞ்சம் பழுதாகும், ஆகவே கப்பலில் திருத்தும் கருவி இல்லாவிட்டால் இந்த ஆசை வேண்டாம். வெண்குள்ளன் என்ற விண்மீன் வகையின் பீச்சல் பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம், அதில் கிடைப்பது கொஞ்சம், கப்பல் போவதுதான் அதிகம்.

அம்மாவுக்கு ஒன்று காட்டலாம். ஜூன் மாதம், வானம் வெளித்த ஒரு நாள், இரவு ஒன்பது மணிபோல டச் பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடலைப் பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம், தென்கிழக்கே திரும்பினால் தேளின் வால் தெரியும், நம் ஆட்கள் மூலம் என்று சொல்லும் நட்சத்திரங்கள். அதற்குச் சற்று இடப்பக்கம் தனுசு. இரண்டுக்கும் நடுவில்தான் பால்வீதியின் மையம். பீகிள் பொயிண்டும் ஏறத்தாழ அதே கோட்டில், மையத்துக்கு நேர் பின்னால், அந்தக் கரையில் கிடக்கிறது. கையை நீட்டி, "அம்மா, அந்தப் பக்கம்தான் போனேன்" என்று சொல்லுங்கள். அவ என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நானா, ஹட்டன் ஓர்பிட்டல் என்ற நிலையத்துக்குப் போனால் அனகொண்டா கப்பல் இலவசம் என்று ஒருவர் சொன்னார். போனேன். ஒன்றரை மணித்தியாலம் நேராகப் பறந்தேன், நடுவில் ஒன்றுமே இல்லை. இறங்கிக் கேட்டால் கப்பலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை யாரிடம் கேட்பது?
ஏமாந்தவன், கிண்ணியா

பதில்: யாரிடமும் கேட்க முடியாது தம்பி, நானும் போனேன். இந்தக் கேமில் எல்லோருக்கும் ஒரு தரம் வைக்கிற கண்ணி அது. அல்ஃபா செண்டோரி தொகுதிக்குள் நுழையும் இடத்திலிருந்து நிலையம் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒரே தொகுதிக்குள் என்பதால் பாய முடியாது, ஓடித்தான் ஆகவேண்டும். 2024இல் வந்த புது எந்திரம் பூட்டினால் நேரம் குறையும்.

போனதற்கு அங்கே விற்கும் ஹட்டன் குவளையாவது வாங்கினீர்களா? அது நிசமாகவே இருக்கிறது. வாங்காமல் வந்திருந்தால் அதுதான் நட்டம். நம் மலையக ஹட்டனுக்கு அதே ஒன்றரை மணித்தியாலத்தைச் செலவழித்திருந்தால் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். சொன்ன ஆளை நானாக இருந்தால் சும்மா விடமாட்டேன். அடுத்த கூட்டாளியை நீங்களும் அனுப்புவீர்கள், அது எனக்குத் தெரியும்.

கேள்வி: அண்ணா, முதல் தூரப் பயணத்திலேயே எரிபொருள் முடிந்து நிற்கிறேன். அடுத்தடுத்து ஐந்து விண்மீன், ஒன்றிலும் அள்ள முடியவில்லை. ஒட்சிசன் நேரம் ஓடுகிறது. பயத்தில் கேமை மூடிவிட்டேன். வந்திருக்கவே கூடாது.
நிலாவெளி மாணவி

பதில்: தங்கச்சி, பயத்தில் செய்தீர்களோ என்னவோ, மூடியதுதான் சரியான வேலை. வெளியே நிற்கும்வரை ஒட்சிசன் குறையாது. திரும்ப உள்ளே போகவேண்டாம். ஃபியூவல் ரெட்ஸ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, 2015இலிருந்து இதே வேலை. இன்டர்நெட்டில் அவர்களைத் தேடிப் பிடித்து, நிற்கும் தொகுதியின் பெயரையும் ஒட்சிசன் ஓடுவதையும் சொல்லுங்கள். எப்போது உள்ளே வரவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். காசு வாங்க மாட்டார்கள், 2022இல் எரிபொருளுக்கு நாம் நின்ற மாதிரி கியூவும் இல்லை, கியூ.ஆர். கோடும் கேட்க மாட்டார்கள். 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு எரிபொருளுக்குக் கையேந்துகிறோமே என்று வெட்கப்படவும் வேண்டாம், நமக்கு அது பழக்கம்தானே.

நீங்கள் மாட்டியது பழுப்புக் குள்ளன் என்ற மங்கலான விண்மீன்களிடம். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் என்ற ஏழு விண்மீன் வகையில் மட்டும்தான் அள்ளலாம். வரைபடத்தில் அந்த ஏழையும் தெரிவு செய்து, வழியும் அவற்றின் ஊடாகவே போகும்படி அமைத்துவிடுங்கள். தாங்கி பாதிக்குக் கீழே இறங்கமுதல் அள்ளிக்கொள்ளுங்கள்.