பேட்ஜ்ல இருக்கறது மட்டும் நீங்க இல்ல தம்பி

தம்பி, உங்க போஸ்ட்ல வீடு வாங்கலாமா வாடகையே போதுமா, லைசென்ஸ் எப்ப எடுக்கறதுன்னு கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்ல நிறைய பேர் இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. கடைசியில ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, வெளிநாட்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு, பழைய நான் எங்க போனேன்னே தெரியல, பேரைக்கூட சுருக்கிக்கலாமான்னு இருக்குன்னு. அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு பேட்ஜ் கொடுத்தாங்க. என் பேர்ல பாதியை வெட்டிட்டு மீதியை மட்டும் பெருசா அடிச்சிருந்தாங்க, எல்லாருக்கும் கூப்பிட வசதியா இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே அந்தம்மா நீட்டறாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. முழுப்பேரையும் பேப்பர்ல எழுதிக் கொடுத்து, வேற பேட்ஜ் அடிச்சு வாங்கிட்டுத்தான் சீட்டுக்குப் போனேன். புதுசா டீமுக்கு வர்றவங்க முதல்ல திணறுவாங்க, கொஞ்ச நாள்ல பழகிடும், இன்னைக்கும் முழுப்பேர்தான்.

அதுக்காக பேரை மாத்தவே கூடாதுன்னு சொல்லல. ஐடென்டிட்டி கிரைசிஸ், அதாவது நான் யாருங்கற குழப்பம்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றோமே, அந்த வார்த்தையைப் பரப்பின உளவியல் நிபுணர் எரிக் எரிக்சனே நாடு மாறிப் போன ஆள்தான். 1902ல ஜெர்மனியில பொறந்து, வளர்ப்பு அப்பாவோட ஹோம்பர்கர்ங்கற பேர்ல வளர்ந்து, 1933ல அமெரிக்கா போயி, 1939ல குடியுரிமை வாங்கறப்ப எரிக்சன்னு அவராவே வச்சுக்கிட்டாரு. அடுத்தவன் வசதிக்காக இல்ல, தன் விருப்பத்துக்கு. எனக்கு அதுதான் முக்கியம்.

அவரு ஐடென்டிட்டி கிரைசிஸ்ங்கற வார்த்தையை முதல்ல உபயோகிச்சது ரெண்டாம் உலகப்போர் சமயத்துல சிகிச்சைக்கு வந்த சிப்பாய்ங்களைப் பாத்துதான். நேத்து இருந்த அதே ஆள்தான் இன்னைக்கும் நான்ங்கற பிடி அவங்களுக்கு விட்டுப்போயிருந்துச்சு. போருக்குப் போகாமலே நமக்கும் அதுல கொஞ்சம் வரும் தம்பி, பயப்படாதீங்க. இத்தனை வருஷம் நீங்க யாருன்னு சுத்தி இருந்தவங்களுக்குத் தெரியும், நீங்க வாயத் தொறக்க வேண்டியதே இல்ல. இப்ப அப்படித் தெரிஞ்சவங்க ஒருத்தரும் பக்கத்துல இல்ல, அவ்ளோதான் விஷயம்.

அந்த வெத்து எடத்துல வேலையையும் விசாவையும் கொண்டு போய் வச்சிடறோம், அதுதான் ஆபத்து. எத்தனை பேரைப் பாத்துட்டேன். பேரு கேட்டா கம்பெனி பேரு, நலமான்னு கேட்டா விசா எந்த நிலைமையில இருக்குன்னு சொல்றவங்க. இன்னொரு பக்கம் இந்த நாடே பிடிக்கலன்னு கதவைச் சாத்திக்கிட்டு, கிளம்பி வந்த வருஷத்துலயே நின்னுட்டவங்க. ஜான் பெர்ரின்னு ஒரு உளவியல் பேராசிரியர் நாலு வழி சொல்வாரு: பழசை விட்டுட்டு புதுசுல கரையறது, பழசை மட்டும் பிடிச்சுக்கறது, ரெண்டையும் வச்சுக்கறது, ரெண்டுமே இல்லாமப் போறது. மூணாவதுதான் கஷ்டம், ஆனா நான் அதைச் செஞ்சிருக்கேன், பெருமையாவே சொல்வேன். இந்த ஊர் பாஷையில சண்டை போடவும் தெரியும், என் பாஷையில அழவும் தெரியும்.

ஒரு தடவை எங்க ஆபீஸ்ல ஆட்குறைப்பு வந்துச்சு, நானும் அதுல ஒருத்தன். கூட வெளிய வந்தவரு நல்ல மனுஷன், பேட்ஜை ஒப்படைச்சிட்டு மறுவாரம் ஃபோன் பண்ணா எடுக்கல, யாரையும் பாக்கவே கூச்சம். எனக்கும் பயம் இருந்துச்சு, இல்லாம இல்ல, ஆனா சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்கறதை நிறுத்தல, அந்தப் பசங்களுக்கு நான் அதே மாஸ்டர்தான், எனக்கு வேலை போனது அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதுல ஒருத்தி இப்ப காலேஜ்ல கணக்கு படிக்கிறா, பரீட்சைன்னா இன்னும் கூப்பிடுவா.

1954ல கூன், மெக்பார்ட்லண்ட்னு ரெண்டு அமெரிக்க சமூகவியல்காரங்க ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க, நான் யாருங்கற ஒரே கேள்விக்கு இருவது பதில் எழுதணும். ஒரு லீவு நாள்ல உக்காந்து எழுதிப் பாருங்க தம்பி, முதல் அஞ்சாறு சரசரன்னு வரும், அதுக்கப்புறம் பேனா நிக்கும், அப்ப எழுந்து போயிடாதீங்க. எழுதிட்டு அதுல வேலை எத்தனாவதா வந்துச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.