அமெரிக்கப் பழமைவாதக் குரல்கள்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க வலதுசாரிக் கருத்துரையாளர்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்புக் கேட்டிருந்த கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் கருத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் மறைக்கவும் இல்லை.

கேள்வி: பழமைவாதக் கருத்துரையாளர் என்றாலே ட்ரம்ப் ஆதரவாளர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வில்லியம் பக்லி 1955-இல் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கியபோதே மூன்று வேறுபட்ட தரப்பினரைத்தான் ஒன்றாக உட்காரவைத்தார். வரியும் அரசுக் கட்டுப்பாடும் குறைய வேண்டும் என்ற சந்தைவாதிகள், மதத்தையும் குடும்ப மரபையும் காக்க நினைத்தவர்கள், சோவியத் ஒன்றியத்தை எதிர்ப்பதே முதற்கடமை என்றவர்கள் என அம்மூவருக்கும் இடையே இருந்த பிணக்கை, பொது எதிரி ஒருவன் இருந்தவரை யாரும் பெரிதுபடுத்தவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது. அடுத்த ஆண்டே, கட்சி வேட்பாளர் தேர்தலில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து நின்ற பாட் புக்கானன், தடையற்ற வணிகம், குடியேற்றம், வெளிநாட்டுப் போர்கள் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாக்கினார். அவர் தோற்றார், அவருடைய வாதங்கள் தோற்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அவையே ட்ரம்ப்பின் மேடையில் ஒலித்தன.

பழைய தரப்புகளும் அப்படியே இருக்கின்றன. 2016 ஜனவரியில் ‘நேஷனல் ரிவ்யூ’ ட்ரம்ப்பை எதிர்ப்பதற்கென்றே ஓர் இதழை வெளியிட்டது. 2025-இல் கனடா, மெக்சிகோ நாடுகளின் பொருள்கள்மீது இறக்குமதி வரி அறிவிக்கப்பட்டபோது, அதை ‘வரலாற்றிலேயே மிக முட்டாள்தனமான வர்த்தகப் போர்’ என்று தலைப்பிட்டுத் தாக்கியது எந்த இடதுசாரி ஏடும் அன்று. ரூபர்ட் முர்டாக் குடும்பத்தின் உடைமையான ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழின் தலையங்கப் பக்கம்.

கேள்வி: பத்திரிகையும் தொலைக்காட்சியும் இருக்க, வானொலி எப்படி இவர்களின் கோட்டையானது?

இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய பாட்காஸ்ட் உலகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1949-இல் வகுத்த ‘நியாயக் கோட்பாடு’, உரிமம் பெற்ற வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் பொது முக்கியத்துவம் வாய்ந்த சர்ச்சைகளைப் பேச வேண்டும் என்றும், பேசினால் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்றும் விதித்தது. அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே அவற்றைப் பயன்படுத்துவோருக்குப் பொதுக் கடமை உண்டு என்பது அதன் அடிப்படை வாதம். உச்ச நீதிமன்றமும் 1969-இல் அதை ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் நடந்தது வேறு. மாற்றுக்கருத்துக்கு நேரம் ஒதுக்கும் தொல்லைக்கும் உரிமம் பறிபோகுமோ என்ற அச்சத்துக்கும் இடையில், பல நிலைய உரிமையாளர்கள் சர்ச்சையே வேண்டாமென்று ஒதுங்கினார்கள்.

இக்கோட்பாட்டைச் சட்டமாக்க நாடாளுமன்றம் 1987-இல் இயற்றிய மசோதாவை ரீகன் தம் மறுப்பாணையால் நிறுத்தினார். சில வாரங்களில் ஆணையம் கோட்பாட்டையே கைவிட்டது. பலரும் கவனிக்காத செய்தி ஒன்று இதில் உண்டு. தொலைக்காட்சி வலையமைப்புகளின் இடதுசார்பிலிருந்து தங்களைக் காக்கும் ஒரே கேடயம் இதுதான் என்று நம்பி, நியூட் கிங்ரிச், ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி போன்ற பழமைவாதிகள் சிலர் கோட்பாட்டைத் தக்கவைக்கவே விரும்பினார்கள். அது போனதால் மிகுதியாகப் பயனடைந்தவர்களுள் ஒருவராகக் கிங்ரிச்சே பின்னர் ஆனார்.

அதே காலத்தில், இசை கேட்போர் ஒலித்தரம் மிக்க எஃப்.எம். அலைவரிசைக்குப் போய்விட்டதால், ஏ.எம். நிலையங்கள் பேச்சு நிகழ்ச்சிகளால் நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. சாக்ரமெண்டோ நகர நிலையம் ஒன்றில் பேர் வாங்கியிருந்த ரஷ் லிம்பா, 1988 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். தொடக்கத்தில் பெரும்பாலான நிலையங்கள் அதற்குப் பணம் தர வேண்டியிருக்கவில்லை. நிகழ்ச்சிக்கு இடையில் சில நிமிட விளம்பர நேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும். நண்பகல் தொடங்கி மூன்று மணி நேரம், பெரும்பாலும் விருந்தினர் இல்லாமல், கேலியும் பாட்டும் கலந்து ஒருவரே பேசிய அந்த வடிவம் அறுநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களைக் கூடுதலாக வென்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பான்மை பெற்று, கிங்ரிச் அவைத்தலைவரானபோது, புதிதாக வென்ற கட்சி உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்கள் குழுவின் கௌரவ உறுப்பினராக்கினார்கள்.

வெறும் கோட்பாட்டு நீக்கத்தால்தான் இத்தனையும் நடந்தது என்று சொல்வோரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. கதவு எல்லோருக்கும்தான் திறந்தது. 2004-இல் தாராளவாதிகள் ‘ஏர் அமெரிக்கா’ என்ற வானொலி வலையமைப்பைத் தொடங்கிப் பார்த்தார்கள். 2010-இல் அது மூடப்பட்டது. பெரிய ஏடுகளும் வலையமைப்புகளும் தங்களை மதிக்கவில்லை என்ற மனக்குறை பழமைவாத நேயர்களிடம் ஏற்கெனவே இருந்தது; லிம்பா அதற்குக் குரல் கொடுத்தார்.

கேள்வி: அப்படியானால் நியாயக் கோட்பாடு இன்றும் இருந்திருந்தால் ஃபாக்ஸ் நியூஸ் வந்திருக்காது, இல்லையா?

வந்திருக்கும். அக்கோட்பாடு அரசு உரிமம் பெற்று அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையங்களுக்கு உரியது. ஃபாக்ஸ் நியூஸ் கேபிள் வழியே செல்லும் தொலைக்காட்சி.

கேள்வி: ஃபாக்ஸ் நியூஸில் வருவது செய்தியா, கருத்தா? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

முர்டாக்கும் ரோஜர் அய்ல்ஸும் 1996 அக்டோபரில் தொடங்கிய அந்நிறுவனத்துக்குள் செய்திப் பிரிவு, கருத்து நிகழ்ச்சிகள் என இரண்டு வீடுகள் இருக்கின்றன. அவை எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2020 தேர்தல் இரவில் அரிசோனாவை பைடன் வென்றார் என்று மற்றவர்களுக்கு முன்பே அறிவித்தது ஃபாக்ஸின் தேர்தல் கணிப்புப் பிரிவு. அதனால் கோபமடைந்த நேயர்கள் ‘நியூஸ்மேக்ஸ்’ போன்ற போட்டி நிறுவனங்களின் பக்கம் நகர்ந்தார்கள். அதன்பின் வந்த வாரங்களில், டொமினியன் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் வாக்குகளை மாற்றின என்ற கூற்று ஃபாக்ஸின் சில நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது.

டொமினியன் 160 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவில் இத்தகைய வழக்கில் வெல்வது மிகக் கடினம். பொய்யென்று அறிந்தோ, உண்மையா என்பதைப் பொருட்படுத்தாமலோ வெளியிட்டதாக நிறுவ வேண்டும் என்பது 1964-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். வழக்குக்காக வெளியான உள்மடல்களும் குறுஞ்செய்திகளும்தான் ஃபாக்ஸுக்குச் சிக்கலாயின. நிகழ்ச்சி நடத்துநர்கள் சிலரே அக்கூற்றுகளைத் தனிப்பட்ட முறையில் நம்பவில்லை என்பது அவற்றில் தெரிந்தது. விசாரணை தொடங்கவிருந்த நாளான 2023 ஏப்ரல் 18 அன்று, 78 கோடியே 75 லட்சம் டாலருக்கு ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. நியூஸ்மேக்ஸும் டொமினியனுக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர் தர 2025-இல் ஒப்புக்கொண்டது.

இதை ஃபாக்ஸின் பேராசைக் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். அந்த உள்மடல்களில் எனக்குப் பெரிதாகப் பட்டது நேயர்களைப் பற்றிய அச்சம். தாங்கள் உண்மை என்று அறிந்ததைச் சொன்னால் நேயர் போய்விடுவார் என்ற நிலைக்கு ஒரு செய்தி நிறுவனம் வந்துவிட்டால், யார் யாரை வழிநடத்துகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பேச்சுச் சுதந்திரம் பற்றி ஓயாமல் பேசும் இவர்கள், ஜிம்மி கிம்மல் விவகாரத்தில் மட்டும் மௌனம் காத்தது ஏன்?

எல்லோரும் மௌனம் காக்கவில்லை. நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் பழமைவாத இளைஞர் இயக்கத் தலைவர் சார்லி கர்க் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்குப் பின் எழுந்த அரசியலைப் பற்றி நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துநர் கிம்மல் கூறிய கருத்துக்காக, தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் பிரெண்டன் கார், ‘இதை எளிய வழியிலும் செய்யலாம், கடினமான வழியிலும் செய்யலாம்’ என்ற பொருளில், அந்நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ஏ.பி.சி. நிறுவனத்தை ஒரு பாட்காஸ்டில் எச்சரித்தார். அன்றே நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் திரும்பியும் வந்தது.

டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ், கிம்மலின் கருத்தை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே, பிரெண்டன் கார் பேசியது மாஃபியா கும்பலின் பேச்சுப்போல் இருக்கிறது என்றும், நாளை ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தால் இதே ஆயுதம் பழமைவாதிகள்மீது திரும்பும் என்றும் எச்சரித்தார். அதே நாள்களில், வெறுப்புப் பேச்சைத் தண்டிப்போம் என்ற பொருளில் பேசிய சட்டத்துறைத் தலைவர் பாம் போண்டியும், சொந்த முகாமின் கண்டனத்தால் வன்முறை மிரட்டலையே தாம் குறிப்பிட்டதாக விளக்கமளிக்க நேர்ந்தது. பிரெண்டன் காரை ஆதரித்தவர்களும் ஏராளம். அதிபரே அவர்களில் ஒருவர். வலையமைப்புகள் பொதுச்சொத்தான அலைவரிசையைப் பயன்படுத்துவதால் பொதுநலக் கடமை உண்டு என்பது அவர்களின் வாதம். நியாயக் கோட்பாட்டை ஆதரித்தவர்கள் 1969-இல் சொன்னதும் அச்சு அசலாக அதுதான். இதில் குரூஸின் பக்கமே நான் நிற்கிறேன்.

கேள்வி: பொது ஒலிபரப்புக்கான நிதியை ரத்து செய்ததில் பழமைவாதிகள் ஒன்றுபட்டிருந்தார்களா?

பெரும்பாலும். 1967-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு வரிப்பணம் தரக்கூடாது என்பது அவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. 2025 ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெறும் சட்டம் நிறைவேறியது. செனட்டில் எதிர்த்த குடியரசுக் கட்சியினருள் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவர். தொலைதூர ஊர்களுக்குச் சுனாமி எச்சரிக்கையைக் கொண்டுசெல்வது பொது வானொலியே என்று அவர் வாதிட்டார். செனட் விவாதித்த அந்நாளிலேயே அலாஸ்காக் கரையருகே 7.3 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கையும் விடப்பட்டது. முடிவு மாறவில்லை.

கேள்வி: டக்கர் கார்ல்சன், மார்க் லெவின், பென் ஷப்பீரோ ஆகியோர் ஒரே கட்சிக்காரர்கள்தானே? ஏன் ஒருவரையொருவர் இப்படித் தாக்குகிறார்கள்?

2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, அமெரிக்கா இதில் இறங்கக்கூடாது என்று முன்னாள் ஃபாக்ஸ் நிகழ்ச்சி நடத்துநர் கார்ல்சனும் ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானனும், இறங்கியே ஆகவேண்டும் என்று வானொலி நிகழ்ச்சி நடத்துநர் லெவினும் அன்றாடம் மோதிக்கொண்டார்கள். குரூஸைப் பேட்டி கண்ட கார்ல்சன் ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டு, அவர் தெரியாது என்று சொன்ன காட்சி உலகெங்கும் பரவியது. ஃபோர்தோ உள்ளிட்ட மூன்று அணுசக்தி நிலையங்கள்மீது அமெரிக்கா குண்டு வீசியதோடு அந்தச் சுற்று முடிந்தது.

அடுத்த சுற்று இன்னும் கசப்பானது. யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசும் நிக் ஃபுவெண்டஸை 2025 அக்டோபரில் கார்ல்சன் இதமாகப் பேட்டி கண்டார். 1973 முதல் இயங்கிவரும் ஹெரிடேஜ் ஆய்வு மையத்தின் தலைவர் கெவின் ராபர்ட்ஸ், கார்ல்சனுக்கு ஆதரவாகக் காணொளி வெளியிட்டார். பாட்காஸ்ட் நடத்துநர் ஷப்பீரோ இருவரையும் கடுமையாகச் சாடினார்; பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட் ஜார்ஜ் அம்மையத்தின் அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1962-இல் இதைப் போன்ற சிக்கல் வந்தபோது, அதிபர் ஐசனோவரையே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று எழுதிய ராபர்ட் வெல்ச்சை, அவர் நிறுவிய ஜான் பிர்ச் சங்கத்தில் தம் வாசகர்கள் பலர் இருந்தும், பக்லி தம் இதழில் நேரடியாகக் கண்டித்து ஒதுக்கினார். அன்று பழமைவாதிகளுக்கு நாடறிந்த மேடைகள் மிகச் சிலவே. அவற்றில் இடமில்லை என்றால் பேச வேறு இடமில்லை. இன்று நிலை வேறு. 2023-இல் ஃபாக்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட கார்ல்சனுக்கு அடுத்த மாதத்திலேயே வேறு மேடை கிடைத்துவிட்டது. ஆகவே யாரை ஒதுக்குவது என்ற சண்டை முடிவுக்கு வருவதில்லை. ஒதுக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை.

கேள்வி: நான் நியூஜெர்சியில் எச்1பி விசாவில் பணியாற்றுகிறேன். எங்கள்மீதான எதிர்ப்பு முழு வலதுசாரி முகாமின் நிலைப்பாடா?

முழு முகாமின் நிலைப்பாடு அன்று. ஆயினும் கவலைப்பட உங்களுக்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக அறிவிக்கப்பட்டதும் தீவிர ட்ரம்ப் ஆதரவாளரான லாரா லூமர் முதலானோர் அவரைத் தாக்கினார்கள். ஈலான் மஸ்க்கும், கேரளத்திலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமியும் திறமையாளர் குடியேற்றத்தை ஆதரித்துப் பேச, பானன் அவர்கள்மீது பாய்ந்தார். அமெரிக்கப் பண்பாடு திறமையைவிடச் சராசரியைக் கொண்டாடுகிறது என்று ராமசாமி எழுதியது எதிர்ப்பை இன்னும் மூட்டியது. ட்ரம்ப் அப்போது எச்1பி திட்டத்தை ஆதரிப்பதாகச் சொன்னார். அதே ட்ரம்ப் 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தார்.

தொழில்நுட்ப முதலாளிகளின் குரலும் தேசியவாதிகளின் குரலும் ஒரே கூட்டணியில் இருப்பதால், விசாக் கொள்கை இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டேயிருக்கும். ஒரு கருத்துரையாளரின் ஆவேசத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அரசாணையின் வாசகத்தைப் படியுங்கள், உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். செப்டம்பர் கட்டணம் ஏற்கெனவே விசா வைத்திருப்போரின் புதுப்பித்தலுக்குப் பொருந்தாது என்ற விளக்கம், வார இறுதி முழுவதும் பலரைப் பதறவைத்த பிறகே வந்தது.

கேள்வி: புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எவற்றைப் படிக்கலாம்?

சந்தைவாதப் பார்வைக்கு ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தலையங்கப் பக்கம். பழைய கூட்டணியின் மனநிலைக்கு ‘நேஷனல் ரிவ்யூ’. ட்ரம்ப்பை ஏற்காத பழமைவாதத்துக்கு, 2019-இல் தொடங்கிய ‘த டிஸ்பாட்ச்’. வெளிநாட்டுப் போர்களை எதிர்க்கும் தேசியவாதத்துக்கு, ஈராக் போருக்கு முந்தைய ஆண்டான 2002-இல் புக்கானனும் மற்றவர்களும் நிறுவிய ‘த அமெரிக்கன் கன்சர்வேட்டிவ்’. இறக்குமதி வரி, ஈரான் போன்ற ஒரே பொருளைப் பற்றி இந்நான்கும் ஒரே வாரத்தில் எழுதியவற்றை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தொலைக்காட்சியையும் பாட்காஸ்டையும் அதற்குப் பிறகு தொடங்கலாம். நேரம் இல்லையென்றால் தொடங்காமலும் இருக்கலாம்.