‘அக்ரீ டு டிஸ்அக்ரீ’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் காட்டிய செலவுக் கணக்கில் ஒரு தொகை இருமுறை சேர்ந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே, “லெட் அஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ” என்று சிரித்தபடி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் கருத்தை மதித்தாரா, வாயை அடைத்தாரா? இந்தத் தொடரை எங்கேதான் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாயைத்தான் அடைத்திருக்கிறார். ஒரு தொகை இருமுறை சேர்ந்ததா இல்லையா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்க முடியாது. கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

‘உங்கள் கருத்து உங்களோடு, என் கருத்து என்னோடு, அதற்காகப் பகை வேண்டாம்’ என்பதுதான் இத்தொடருக்குப் பொருள். இதைப் பிரபலமாக்கியவர் என்று மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் ஜான் வெஸ்லியைச் சொல்வார்கள். யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டாரா என்பதில் அவருக்கும் சக போதகர் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கும் கடும் பிணக்கு. வெஸ்லி தன் பிரசங்கத்தை அச்சிட்டுத் தாக்கினார். விட்ஃபீல்ட் பகிரங்கக் கடிதத்தில் திருப்பிக் கொடுத்தார். பிரிந்தார்கள், பிறகு ராசியானார்கள், கொள்கையை மட்டும் இருவரும் விடவில்லை. தனக்கான இரங்கல் பிரசங்கத்தை வெஸ்லியே செய்ய வேண்டும் என்பது விட்ஃபீல்டின் விருப்பம். 1770-இல் லண்டனில் ஆற்றிய அந்தப் பிரசங்கத்தில்தான் வெஸ்லி இத்தொடரைச் சொன்னார். அதிலும் ஒரு வரம்பு வைத்தார்: அடிப்படையல்லாத கோட்பாடுகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

ஆக, பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்த பிறகு, நிரூபிக்க வழியில்லாத விஷயத்தில், இரண்டு சமமானவர்கள் சொல்லிக்கொள்வது இது. பாதிப் பேச்சில் பதவியில் பெரியவர் சொன்னால், ‘போதும், உட்கார்’ என்பதற்கு நாகரிகமான உடை மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

ராபர்ட் ஆமன் என்ற பொருளியல் நோபல் அறிஞர் 1976-இல் இன்னும் கறாராகச் சொன்னார். புதிய தகவல் வருமுன் ஒரே மதிப்பீட்டில் தொடங்கும் இரண்டு பகுத்தறிவாளர்கள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் ஒளிவுமறைவின்றித் தெரிந்த பிறகும் வேறுபட்டு நிற்க முடியாது என்று கணிதமாகவே நிறுவினார். அலுவலகக் கூட்டங்களுக்கு அவர் வந்ததில்லை போலும்.

கூட்டம் முடிந்துவிட்டதால், அந்தத் தொகை வந்த இரண்டு வரிகளை மட்டும் குறித்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் யாருக்கும் வேண்டாம்.