பெண்கள் கல்லூரி அணிக்கு டென்னிஸ் கோச்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் எனக்கு இது பதினேழாவது ஆண்டு. திருச்சியிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் ஆட வந்தேன். நான்கு ஆண்டு ஆடினேன், இரண்டு கல்லூரிகளில் துணைக் கோச்சாக இருந்தேன், இப்போது மிட்வெஸ்ட் பக்கம் ஒரு நடுத்தரக் கல்லூரியின் பெண்கள் அணிக்குத் தலைமைக் கோச். இந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): அக்கா, ஒரு கல்லூரி அணிக்கு முழுநேரக் கோச் எதற்கு? சாயந்திரம் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தால் போதாதா?

பதில்: தம்பி, கோர்ட்டில் நிற்பது என் வேலையில் கால்வாசிதான். காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சிக் கூடம். எட்டு மணிக்கு மின்னஞ்சல்கள்: செக் நாட்டிலிருந்து ஒரு பெண், பெருவிலிருந்து ஒரு பெண், இருவரும் வீடியோ அனுப்பியிருப்பார்கள். அப்புறம் அடுத்த வாரப் பயணத்துக்கு வண்டி, ஓட்டல், சாப்பாடு. யார் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள் என்று பார்ப்பது. யாருக்குத் தோள் வலி, யாருக்கு வீட்டில் பிரச்சினை என்று தெரிந்துகொள்வது. பயிற்சி நேரத்தை எழுதிக் கணக்குக் கொடுப்பதும் உண்டு. சீசனில் ஒரு மாணவியை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. இரவில் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் வேலையும் சின்னக் கல்லூரிகளில் கோச் தலையில்தான். நான் இன்றும் கட்டுகிறேன். எனக்கு அது பிடித்த வேலை.

கேள்வி (கொழும்பு): கல்லூரி டென்னிஸ் மேட்ச் தொலைக்காட்சியில் பார்க்கும் டென்னிஸ் மாதிரி இல்லையாமே?

பதில்: ஆறு கோர்ட்டில் ஒரே நேரத்தில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் மூன்று டபுள்ஸ், ஒவ்வொன்றும் ஒரே செட். இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு, நான்கு எடுத்தால் வெற்றி. முதல் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரத்தின் வெற்றியும் ஆறாம் கோர்ட்டில் ஆடும் முதலாண்டுப் பெண்ணின் வெற்றியும் சரிசமம். கல்லூரி டென்னிஸில் எனக்கு உயிர் இந்த இடம்தான். மற்றபடி உலகத்திலேயே தனிமையான ஆட்டம் டென்னிஸ். இங்கே ஒருத்தி ஆடும்போது மற்ற ஐந்து பேர் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

இன்னும் இரண்டு வேறுபாடுகள். டியூஸ், அதாவது 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே பாயிண்ட்டில் கேம் முடிந்துவிடும். சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் செய்பவள் முடிவு செய்வாள். அடுத்தது, பெரும்பாலான இடங்களில் தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுபவளே சொல்ல வேண்டும். நடுவர் அதை மாற்றலாம், ஆனால் முதல் சொல் அவளுடையது. பத்தொன்பது வயதில், தோற்கும் நிலையில், கோட்டைத் தொட்ட பந்தை “உள்ளே” என்று ஒத்துக்கொள்வது லேசான காரியமில்லை. என் அணியில் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்வேன்: சந்தேகம் வந்தால் பந்து உள்ளேதான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி (மதுரை, பள்ளி அணிப் பயிற்சியாளர்): பக்கம் மாறும்போது நீங்கள் கோர்ட்டுக்குள் போய்ப் பேசலாமாமே. அந்த நேரத்தில் என்ன சொல்வீர்கள் மேடம்?

பதில்: ஆமாம், பேசலாம். கிடைப்பது தொண்ணூறு விநாடி. துணைக் கோச்சாக முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு, அந்தத் தொண்ணூறு விநாடியையும் நிரப்பியது. ஃபோர்ஹேண்டைக் குறுக்கே அடி, நெட்டுக்கு வா, இரண்டாவது சர்வில் சுழல் கூட்டு, கால் நகரவில்லை என்று நான்கு விஷயம். தலையாட்டிவிட்டுப் போய் நான்கையும் கோட்டை விடுவார்கள். தவறு அவர்களுடையது இல்லை, என்னுடையது.

சில வருடங்கள் கழித்து ஒரு மேட்ச். ஸ்கோர் 3-3. மிச்சம் இருந்தது ஆறாம் கோர்ட் மட்டும். மூன்றாம் செட், 4-4. மற்ற எல்லாரும் ஆட்டம் முடிந்து அந்த ஒரு வேலியைச் சுற்றி நிற்கிறார்கள். அடுத்த கேமில் அவள் சர்வை இழந்தாள், 4-5. பக்கம் மாறும்போது பெஞ்சில் துண்டைத் தலைமேல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “தண்ணீர் குடித்தாயா?” என்றேன். இல்லை. பாட்டிலைக் கொடுத்தேன், குடித்தாள். அப்போதுதான் கை நடுங்குவது தெரிந்தது. எதிராளியின் இரண்டாவது சர்வ் ஒவ்வொரு முறையும் குட்டையாக விழுந்துகொண்டிருந்தது. “இரண்டாவது சர்வுக்கு அரை அடி முன்னால் நில், அது போதும்” என்றேன். எழுந்து போனாள். அந்த கேமை எடுத்து 5-5 ஆக்கினாள். கடைசியில் 7-5 என்று தோற்றாள், அணியும் 4-3 என்று தோற்றது. ஆனால் அந்த ஒரு கேமில் நான்கு முறை அரை அடி முன்னால் நின்றாள். மறுநாள் பயிற்சியில் நான் சொல்லாமலே அங்கே நின்றாள். அன்றிலிருந்து எனக்கு விதி இதுதான்: முதலில் உடம்பைக் கேள், பிறகு ஒன்றே ஒன்று சொல்.

கேள்வி (சென்னை, பத்திரிகைத் துறை): பெண்கள் அணிக்கும் ஆண்களே கோச்சாக இருப்பது அங்கே அதிகம் என்று படித்தேன். ஏன் இப்படி?

பதில்: இதை விரிவாகச் சொல்ல வேண்டும். அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972 ஜூன் 23இல் வந்தது. அதன்பின் கல்லூரிகளில் விளையாடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. ஆனால் சட்டம் வந்தபோது பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே கோச்சுகள். இன்று எல்லா விளையாட்டும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் கீழே.

அன்றைக்குப் பல இடங்களில் உடற்கல்வி ஆசிரியை, வகுப்பு முடிந்ததும், சம்பளம் இல்லாமலோ சொற்பத்துக்கோ அந்த வேலையைப் பார்த்தார். பணம் வந்தது, வேலைக்கு மதிப்பு வந்தது, ஆண்களும் விண்ணப்பித்தார்கள். பெண்கள் விளையாட்டை நடத்திவந்த ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு 1980களின் தொடக்கத்தில் மறைந்து எல்லாம் என்சிஏஏ கைக்குப் போனது. கல்லூரிகளிலும் பெண்கள் துறை ஆண்கள் துறையோடு இணைந்தது. தேர்வு செய்யும் நாற்காலியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். தமக்குத் தெரிந்தவரைத்தான் யாரும் கூப்பிடுவார்கள்.

நல்ல ஆண் கோச்சுகளிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் துணைக் கோச்சாகச் சேர்ந்த முதல் இடத்தில் தலைமைக் கோச் ஒரு பெண். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் மூன்றாம் கோர்ட் வேலியோரம் நிறுத்தி வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பார். குழந்தை அழுதால் அணியில் யாராவது ஒருத்தி போய்த் தூக்கிக்கொள்வாள். இந்த வேலை எனக்கும் முடியும் என்று அங்கேதான் நம்பினேன். அதைப் பார்க்காத பெண்ணுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கேள்வி (பெங்களூரு): யாருடைய கோச்சிங் வாழ்க்கையைப் படிக்கச் சொல்வீர்கள்?

பதில்: ஸ்டான்போர்டில் தொடங்குங்கள். என்சிஏஏ பெண்கள் டென்னிஸ் அணிப் பட்டம் முதன்முதலாக 1982இல் வழங்கப்பட்டபோது எடுத்தது ஸ்டான்போர்ட், கோச் ஃபிராங்க் பிரென்னன். 1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு, மொத்தம் பத்துப் பட்டம். அவருக்குப் பின் வந்தவர் லெலே ஃபோரூட். அதே அணிக்கு ஆடியவர், பிரென்னனிடமே துணைக் கோச்சாக இருந்தவர். அவரும் பத்துப் பட்டம் எடுத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது 2016ம் 2018ம். இரண்டு முறையும் தரவரிசையில் 15ஆம் இடத்தில் உள்ள அணியாகப் போட்டிக்குள் வந்து, இறுதியில் 4-3 என்று ஜெயித்தார்கள். பிப்ரவரியில் தோற்பதற்குப் பயப்படாமல், தேசியப் பட்டம் முடிவாகும் மே மாதத்துக்காக அணியைக் கட்டுவது என்றால் என்ன என்று அங்கே பார்க்கலாம்.

வாண்டர்பில்ட்டின் ஜெஃப் மெக்டொனால்ட் 1994இல் சேர்ந்தார். முதல் தேசியப் பட்டம் 2015இல்தான் கிடைத்தது. யுசிஎல்ஏவின் ஸ்டெல்லா சாம்ப்ராஸ் வெப்ஸ்டர், பீட் சாம்ப்ராஸின் அக்கா, தான் படித்த கல்லூரிக்கே கோச்சாகி 2008, 2014 என்று இரண்டு பட்டம் எடுத்தார். சமீபத்தில் என்றால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2024 இறுதியில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 4-1 என்று தோற்று, 2025 இறுதியில் அதே அணியை 4-0 என்று வென்றார்கள். நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் முதலில் வாங்குவது நான்தான்.

கேள்வி (கோவை, ஒரு அப்பா): என் மகளுக்குப் பதினாறு வயது, ஜூனியர் போட்டிகள் ஆடுகிறாள். அமெரிக்கக் கோச்சுகள் என்ன பார்ப்பார்கள்?

பதில்: ஐயா, முதலில் ஆட்டத் தரத்தை எண்ணில் சொல்லும் யூடிஆர் என்ற ரேட்டிங்கைப் பார்ப்போம், அப்புறம் வீடியோ. எதிராளி தொட முடியாத ஷாட்களை மட்டும் ஒட்டிய வீடியோ வேண்டாம். வெட்டாமல் இரண்டு செட் அனுப்புங்கள். பாயிண்ட் தோற்ற பிறகு அவள் முகம், நடை, அடுத்த சர்வுக்கு எடுக்கும் நேரம் இதையெல்லாம்தான் நான் பார்க்கிறேன். மின்னஞ்சலை அவளே எழுதட்டும். நீங்கள் எழுதினால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்குப் பிறகுதான் என்சிஏஏவின் மேல்பிரிவான டிவிஷன் 1 கோச்சுகள் அவளிடம் நேரடியாகப் பேசலாம். அதற்கு முன் பதில் வரவில்லை என்றால் வருந்தாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, “இரண்டு வருடம் ஆடிப் பார்ப்போம்” என்று மட்டும் உட்காராதீர்கள். டென்னிஸில் பள்ளி முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்துப் போட்டிகள் ஆடினால் கல்லூரியில் ஆடும் ஆண்டுகள் குறையும் என்பது நெடுநாள் விதி. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. எமரி, வில்லியம்ஸ் மாதிரிக் கல்லூரிகள் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன, டென்னிஸும் படிப்பும் இரண்டுமே உயர்தரம். டிவிஷன் 1 என்ற பெயருக்காக மகளை ஒன்பதாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

கல்லூரிக்குப் போனால் புரொஃபஷனல் கனவு முடிந்தது என்று பயமா? டேனியல் காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2014இலும் 2016இலும் கல்லூரி சிங்கிள்ஸ் பட்டம் வென்றவர். 2022இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஆடினார். 2021இல் அதே பட்டத்தை வென்ற எம்மா நவாரோ, 2024 யுஎஸ் ஓபனில் அரையிறுதி வரை போனார்.

கேள்வி (டெக்சஸில் முதுகலை மாணவி): அக்கா, நானே கோச் ஆக வேண்டும். எங்கே தொடங்குவது? விசா?

பதில்: வழக்கமான படி, கிராஜுவேட் அசிஸ்டென்ட். படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்கும், நீ அணியோடு வேலை செய்வாய். முன்பு சம்பளமில்லாத தன்னார்வக் கோச் என்று ஒரு வாசல் இருந்தது. 2023 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். வீட்டில் வசதி இருப்பவர் மட்டுமே நுழையக்கூடிய வாசல் அது.

விசாவில் ஒரு நல்ல செய்தி: பல்கலைக்கழகம் எச் 1 பி வேலை விசா எடுத்தால், மற்றவர்களுக்கு இருக்கும் குலுக்கல் கிடையாது. ஆனால் சின்னக் கல்லூரிகள் அந்தச் செலவுக்கும் காகித வேலைக்கும் தயங்கும். படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி விளையாட்டு மேலாண்மை போன்ற படிப்புக்கு ஓர் ஆண்டுதான். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் மாதமே விசாவைப் பற்றிப் பேசிவிடு. நான் எட்டாவது மாதத்தில் கேட்டேன், தூக்கம் போனது.

கேள்வி (துபாய்): சம்பளம்?

பதில்: பெரிய பல்கலைக்கழகத் தலைமைக் கோச்சுக்கு மிக நன்றாக இருக்கும். சின்னக் கல்லூரியில் ஒரே ஆள் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் பார்த்து, கோடையில் முகாம் நடத்திச் சமாளிப்பார். வீடு வாங்கப் பல வருடம் ஆகும்.

கேள்வி (நியூ ஜெர்சி): இப்போது மாணவர்கள் அணி மாறுவதும் பணம் வாங்குவதும் கோச்சுகளைப் பாதிக்கிறதா?

பதில்: ரொம்பவே. நீண்ட காலம் டிவிஷன் 1 பெண்கள் டென்னிஸில் ஓர் அணிக்கு எட்டு முழு ஸ்காலர்ஷிப், ஆண்களுக்கு நாலரை. 2025 ஜூனில், கல்லூரிகள் ஆடுபவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று வந்துவிட்டது. பத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சம்பளமில்லாமல், ஸ்காலர்ஷிப் இல்லாமல், அணியில் இருப்பதே போதும் என்று தினமும் பந்து பொறுக்கி ஆடியவர்கள் அவர்கள்.

அணி மாறுவதை நான் குறை சொல்ல மாட்டேன். கோச் வேறு வேலைக்குப் போகலாம், மாணவி மட்டும் அங்கேயே கிடக்க வேண்டுமா? ஆனால் ஆறாம் கோர்ட்டில் இரண்டு வருடம் பொறுமையாக வளர்த்த பிள்ளை மே மாதம் வந்து, “கோச், நான் போகிறேன்” என்று சொல்லும்போது வலிக்கத்தான் செய்யும். நான் அவளுக்கு நல்ல சிபாரிசு கொடுத்தே அனுப்புகிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம், ஆசிரியை): இவ்வளவு வேலைக்கு நடுவில் எந்த நாளை மறக்கவே மாட்டீர்கள்?

பதில்: டீச்சர், ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும் சீனியர் டே. படிப்பு முடிக்கும் பிள்ளைகளின் கடைசி உள்ளூர் மேட்ச். பெயர் கூப்பிட்டதும் அம்மா அப்பா இருவரும் மகளை நடுவில் வைத்துக் கோர்ட்டின் குறுக்கே நடந்து வருவார்கள், பூங்கொத்து கொடுப்போம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். என் சீனியர் டே அன்று நான் தனியாகத்தான் நடந்தேன்.

அதனால் என் அணியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். போன வருடம் புனேயிலிருந்து வந்த பெண்ணுக்கு இங்கே பகல் ஒரு மணி, அங்கே இரவு பதினொன்றரை. அவள் அம்மாவையும் அப்பாவையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். பாதிக் கோர்ட்டில் சிக்னல் போய்விட்டது. திரும்ப வரும்வரை அங்கேயே நின்றோம். எதிரணியும் நின்றது.