கேளுங்க சொல்றோம்: சுருளை காப்பி அடிக்கிற மருந்து

கேள்வி: பி.ஃபார்ம் மூணாவது வருஷம் படிக்கிறேன் சார். புரோட்டீன்ல சுருள் மாதிரி இருக்கற ஆல்ஃபா ஹீலிக்ஸை காப்பி அடிச்சு ஒரு குட்டி மாலிக்யூல் செஞ்சு ரெண்டு புரோட்டீன் ஒட்டறதை தடுக்கலாம்னு கிளாஸ்ல சொன்னாங்க. எதுக்கு இவ்ளோ கஷ்டம், அந்த ஹீலிக்ஸ் துண்டையே வெட்டி ஊசியா போட்டா ஆகாதா?

பதில்: ஆகாதும்மா. வெட்டி எடுத்துட்டா அது பெரும்பாலும் சுருளா நிக்காம தளர்ந்து போயிரும், ரத்தத்துல இருக்கற என்சைம் வேற நறுக்கித் தள்ளிரும், அதுலயும் தப்பிச்சா செல்லுக்குள்ள நுழையறது பெரும்பாடு.

முழு சுருளும் தேவையே இல்லங்கறதுதான் இதுல விசேஷம். பி53-ன்னு ஒரு புரோட்டீன், கெட்டுப்போன செல்லை சாக வைக்கிறது அதோட வேலை, எம்டிஎம்2-ன்னு இன்னொரு புரோட்டீன் அதைப் பிடிச்சு அழிக்க அனுப்பிரும். ரெண்டும் ஒட்டியிருக்கற கிரிஸ்டல் படம் 1996-ல வந்துச்சு, பாத்தா பிடி முழுக்க பி53-ஓட ஹீலிக்ஸ்ல இருக்கற மூணே மூணு அமினோ ஆசிட்ல (புரோட்டீனைக் கோக்கற மணி மாதிரி) இருக்கு: 19-வது இடத்துல ஃபினைல்அலனின், 23-ல ட்ரிப்டோஃபேன், 26-ல லூசின். ஒரு சுத்துக்கு 3.6 அமினோ ஆசிட்ங்கறதால இந்த மூணும் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது, எம்டிஎம்2-லயும் அதுக்கு ஏத்தாப்ல மூணு குழி, நுங்குக்காய வெட்டினா மூணு கண்ணு தெரியுமே அந்த மாதிரி.

யேல் யூனிவர்சிட்டில ஆண்ட்ரூ ஹாமில்டன் குரூப் 2001-ல மூணு பென்சீன் வளையத்தை வரிசையா கோத்து டெர்ஃபினைல்னு ஒண்ணு பண்ணாங்க, வளையங்க ஒண்ணுக்கொண்ணு முறுக்கி நிக்கறதால அதுல ஒட்டுன கை மூணும் ஹீலிக்ஸ்ல இருக்கற இடத்துக்கே வந்துருது. கெமிஸ்ட்ரி படிச்சவனுக்கு பாக்க அவ்ளோ அழகு, ஆனா தண்ணின்னாலே ஒதுங்கற எண்ணெய் ரகம், மாத்திரைக்கு லாயக்கில்ல. எனக்கு பிடிச்சது ரோஷ் கம்பெனி 2004-ல காட்டுன நட்லின்தான். ஹீலிக்ஸ் சாயலே கிடையாது, நடுவுல ஒரு சின்ன இமிடசோலின் வளையம், அதுலேர்ந்து ரெண்டு பென்சீன் வளையம் போயி ட்ரிப்டோஃபேன் குழியையும் லூசின் குழியையும் அடைச்சுக்குது, ஒரு ஈதர் வால் ஃபினைல்அலனின் குழிய பாத்துக்குது. எம்டிஎம்2-ல குழி மூணும் அடைஞ்சுட்டா பி53 அதுல மாட்டாது, ஆக வேலை முடிஞ்சுது. பி53 ஏற்கனவே மாறிப்போன கேன்சர்ல இது எடுபடாது, காப்பாத்த அங்க நல்ல பி53 இருந்தாதானே!

கேள்வி: மாமாவுக்கு சிஎல்எல்-ங்கற ரத்தப் புற்றுநோய், வெனெடோகிளாக்ஸ் எழுதிருக்காங்க. 20 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரா வாரம் ஏத்தறாங்க, ஏன் ஒரேயடியா குடுக்கல?

பதில்: இதுவும் அதே குடும்பம்தாங்க. பிசிஎல்-2 புரோட்டீன்ல ஒரு பள்ளம் இருக்கு, சாவு சிக்னல் தர்ற புரோட்டீனோட ஹீலிக்ஸ் அதுல மாட்டிக்கிட்டு வேலை செய்யாம கிடக்கும், மருந்து அந்தப் பள்ளத்தை புடிச்சுக்கிட்டா இது விடுபட்டு செல்லை முடிச்சிரும். இதுக்கு முன்னாடி வந்த நேவிடோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்து அடிச்சது, பிளேட்லெட் உயிரோட இருக்க அதுதான் ஆதாரம்ங்கறதால பிளேட்லெட் கவுண்ட் இறங்கிருச்சு. அதை விட்டுட்டு பிசிஎல்-2-வ மட்டும் புடிக்கற மாதிரி செதுக்குனதுதான் வெனெடோகிளாக்ஸ், 2016-ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சுது.

மெதுவா ஏத்தறதுக்கு காரணம், அது ரொம்ப நல்லா வேலை செய்யறதுதான். ஒரே நேரத்துல ஏகப்பட்ட கேன்சர் செல் செத்து உடைஞ்சா உள்ள இருக்கற பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்துல கொட்டும், யூரிக் ஆசிட் ஏறும், கிட்னிக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அதான் அஞ்சு வாரத்துல 400-க்கு கொண்டு போறாங்க. மாமாவை தண்ணி எவ்ளோ குடிக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு அதுபடி குடிக்க சொல்லுங்க, சொன்ன தேதில பிளட் டெஸ்ட் தவறாம எடுங்க. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் மட்டும் வேணாம், மருந்து ரத்தத்துல கூடிரும்.