எந்த நீச்சல் வீராங்கனையின் பயணம் உங்களை மிகவும் கவர்ந்தது? ஏன்?

என் பதில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி. அவருடைய ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஒலிம்பிக்கிலும் அதில் அவர்தான் முதலிடம் என்றாலும், அவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையே இருந்த தூரம் ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்கிறது.

2012இல் லண்டனுக்கு வந்தபோது லெடெக்கிக்கு வயது 15. அமெரிக்க அணியிலேயே இளையவர். அந்தப் போட்டியின் உலக சாதனைக்கு உரியவரான பிரிட்டனின் ரெபெக்கா ஆட்லிங்டன் சொந்த மண்ணில் நீந்தினார். அரங்கமே அவர் பக்கம். பள்ளி மாணவி ஒருத்தி தொடக்கத்திலிருந்தே முன்னே போவதைப் பார்த்து, எப்படியும் பாதியில் களைத்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் களைக்கவில்லை. நேரம் 8:14.63, ஸ்பெயினின் மிரேயா பெல்மோண்டே நான்கு விநாடி பின்னால் வந்தார், ஆட்லிங்டனுக்கு வெண்கலம்.

ரியோவில் (2016) அந்த இடைவெளி 11.38 விநாடி ஆனது. லெடெக்கி சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, வெள்ளி வாங்கப்போகிற ஜாஸ் கார்லின் இன்னும் சுமார் 18 மீட்டர் நீந்த வேண்டியிருந்தது. அன்றைய நேரமான 8:04.79ஐப் பதினாறால் வகுத்தால் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரி 30.3 விநாடி வருகிறது. வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் நகராட்சிக் குளத்துக்குப் போகிற நான், முழு மூச்சைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு 50 மீட்டரை 50 விநாடியில் முடித்து, சுவரைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் இளைப்பாறுகிறவன். அதனால் அந்த எண்ணின் கனம் எனக்கு உடம்பிலேயே தெரியும்.

ஆனால் என்னை உண்மையில் அவர் ரசிகனாக்கியது 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். 400 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் அவரை முந்தினார். இரண்டு நாள் கழித்து 200 மீட்டர் இறுதிப் போட்டியில் லெடெக்கிக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். பதக்கம் இல்லாமல் குளத்தை விட்டு ஏறியவர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் மீண்டும் இறங்கி 1500 மீட்டரில் தங்கம் வென்றார். ஆண்களுக்கு 1908 முதல் ஒலிம்பிக்கில் இருந்த அந்தத் தூரம், பெண்களுக்கு அன்றுதான் முதன்முறையாகக் கிடைத்தது. 2013 முதல் அதன் உலக சாதனையை அவர் கையில் வைத்திருந்தும், அவர் உச்சத்தில் இருந்த ரியோவில் அந்தப் போட்டியே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

டோக்கியோவின் 800 மீட்டரில் டிட்மஸுடனான இடைவெளி 1.26 விநாடி, பாரிஸில் (2024) 1.25. ரியோவின் பதினொரு விநாடி எங்கே போனது என்று கேட்டால், பாதி விடை லெடெக்கியிடமே இருக்கிறது: அவர் வைத்த நேரத்தை இலக்காகக் கொண்டு வளர்ந்த தலைமுறை அவரைத் துரத்தி வந்துவிட்டது. 200 மீட்டரைத் தனிப் போட்டியாக நீந்துவதை அவர் பாரிஸில் விட்டுவிட்டார்; 400இல் வெண்கலத்தோடு நின்றார். குறுகிய தூரங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவியபோதும் 800ஐ மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி அவர் பழைய நேரங்களை எட்டமாட்டார் என்று நானே நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். 2025 மே மாதம் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 28 வயதில் 8:04.12 நீந்தி, கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகளாக அசையாமல் இருந்த தன் சாதனையைத் தானே முறியடித்தார். அதே ஆண்டு சிங்கப்பூர் உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர் கடைசி வரை விடாமல் வந்தார். கனடாவின் 18 வயது சம்மர் மெக்கின்டோஷ் மூன்றாவது. லெடெக்கிக்கு அந்தத் தூரத்தில் ஏழாவது உலகப் பட்டம், இடைவெளி 0.36 விநாடி.