அக்ரா அருகே குடும்ப நிலம்: ஒருவர் கையெழுத்து போதுமா?

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு மேற்கே உள்ள கசோவா பக்கம் ஒரு மனை விலைக்கு வருகிறது என்றும், குடும்பத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் பெரியவர் தாம் ஒருவரே கையெழுத்திடத் தயார் என்கிறார் என்றும், முன்பணம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

முதலாவது, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்கு கானாவில் யாரும் நிலத்தை முழு உரிமையோடு விற்க முடியாது. 1992 அரசியலமைப்பின் 266ஆம் பிரிவின்படி வெளிநாட்டவர் பெறக்கூடியது அதிகபட்சம் 50 ஆண்டுக் குத்தகைதான். ஆகவே 'விலைக்கு' என்று அவர் பேசுவதே சரியில்லை.

இரண்டாவதுதான் சிக்கலானது. நம் ஊர்க் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஒருவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். இங்கே வழமைச் சட்டப்படி குடும்ப உறுப்பினருக்கு அந்த நிலத்தில் குடியிருக்கவும் பயிரிடவும் உரிமை உண்டே தவிர, 'என் பங்கு' என்று தனியே விற்கவோ உயிலில் எழுதவோ உரிமை இல்லை. ஆகான் மக்களிடையே குடும்பம் என்பது தாய்வழி வருவது. ஒருவருடைய மனைவியும் பிள்ளைகளும் அவருடைய குடும்பத்தினர் அல்லர், அவருடைய சகோதரியின் பிள்ளைகளே குடும்பத்தினர். அதனால் பெரியவரின் மகன் உங்களோடு வந்து 'எங்கள் நிலம்தான்' என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகலாம்.

அபுசுவாபானின் எனப்படும் குடும்பத் தலைவர் முக்கிய மூத்தவர்களின் சம்மதத்தோடுதான் நிலத்தைக் கொடுக்க முடியும். சம்மதம் இல்லாமல் அவர் தனியாகக் கொடுத்தால், குடும்பத்தினர் காலம் தாழ்த்தாமல் நீதிமன்றம் சென்று அதை ரத்து செய்யலாம். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கொடுத்தால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது. எங்கள் தெருவில் ஒரு குத்தகை எழுதியபோது நான் உடனிருந்தேன். ஷ்னாப்ஸ் என்னும் மதுப் புட்டியைத் திறந்து முன்னோருக்கு ஊற்றியாகிவிட்டது, வழக்கறிஞர் தாளையும் விரித்துவிட்டார். ஓரத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் 'குமாசியில் இருக்கும் தம்பிக்குச் சொன்னீர்களா?' என்று கேட்டார். பேனா மூடப்பட்டது. அத்தகைய கேள்வி கேட்பவர் இல்லாத கூட்டத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

அந்த மனை அவருடைய தந்தை சொந்தமாகச் சம்பாதித்தது என்று அவர் சொன்னால் கணக்கே மாறும். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1985ஆம் ஆண்டின் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டப்படி அதில் தந்தையின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி போகும், தாய்வழிக் குடும்பத்துக்கு வழமைப்படி சிறு பகுதியே மிஞ்சும். அப்போது நீங்கள் கையெழுத்துக் கேட்க வேண்டிய ஆட்களே வேறு.

ஆகவே அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அவரைத் தலைவராக ஏற்றதற்கான ஆதாரம், சம்மதிக்கும் மூத்தவர்களின் பெயர்கள், உரிமம் பெற்ற நில அளவையாளர் தயாரித்த வரைபடம். வரைபடம் கையில் வந்ததும் நில ஆணையத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். அதே மனை ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். சுவர்களில் சிவப்புப் பெயின்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறதா என்று அக்கம்பக்கத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். நிலக்காவல் அடியாட்களை வைப்பதை 2020 நிலச் சட்டம் குற்றமாக்கியிருந்தாலும், தகராறுள்ள மனையில் அவர்கள் இன்றும் வந்து நிற்கிறார்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, ரசீதில் தலைவரோடு மூத்தவர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.